அரையே இரண்டு மா

நீடாமங்கலத்தில் இரவு மணி இரண்டு.
ஒஹாயோவில் பள்ளிக்கூடம் விட்டு
பிள்ளைகள் பையை வீசியெறியும் நேரம்.
ஐப்பசி மழை. கரண்ட் போய்விட்டது.
இன்வெர்ட்டர் நாற்பது நிமிடம் தாங்கும்,
அதற்குள் பதினொரு பதில்.

பதிலுக்கு இருபது ரூபாய்.
நாலு நட்சத்திரத்துக்குக் கீழே விழுந்தால் பன்னிரண்டு.

மாநிலத்துக்கு எத்தனை செனட்டர்?
இரண்டு.
அதிபர் திருப்பியனுப்பிய மசோதா செத்துவிட்டதா?
இல்லை, இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால் பிழைக்கும்.
சமாதான காலத்தில் சிப்பாய்களை வீட்டில் தங்கவைக்கலாமா?
வீட்டுக்காரர் சம்மதமில்லாமல் கூடாது.
இதை அடிக்கும்போது
கொழுந்தனாரின் மச்சான் குடும்பம்
ஐந்து பேர், ஒன்பதாவது நாளாக,
என் கட்டிலைச் சுற்றிக் குறட்டை விடுகிறார்கள்.

திரையில் என் பெயர் வரலாற்று நிபுணர்.
மன்னார்குடி கல்லூரியில் அமெரிக்க வரலாறு
விருப்பப் பாடம், நூற்றுக்கு நாற்பத்தொன்று.
அது அவர்களுக்குத் தெரியாது.
அவர்களை எனக்கும் தெரியாது, எண்கள்தான்.

நாலாயிரத்து நானூற்று எழுபத்தொன்று கேட்கிறான்,
அல்லது கேட்கிறாள்:
ஐந்தில் மூன்று பங்கு சமரசம் என்றால் என்ன,
சீக்கிரம், ப்ளீஸ்.

எழுதினேன். ஆயிரத்து எழுநூற்று எண்பத்தேழு, பிலடெல்பியா.
தென்மாநிலத்தார் அடிமைகளையும் தலையெண்ணி
சபையில் இடம் கேட்டார்கள்.
வடக்கு முணுமுணுத்தது.
முடிவில் ஐந்து பேரை மூன்றாக எண்ணினார்கள்.
ஓட்டு? அது அந்த ஐவருக்கும் இல்லை.
கூடிய இடங்கள் எஜமானர் பக்கம்.

சரி, அப்போ ஒரு ஆள் எவ்வளவு?

புள்ளி ஆறு என்று போட்டிருக்கலாம்.
விரல் நின்றது.
எங்கள் பழங்கணக்கில் அதற்குப் பெயர் உண்டு:
அரையே இரண்டு மா.
ஒரு வேலி இருபது மா என்றால்
ஆள் பன்னிரண்டு மா.
அதற்குள் எத்தனை மரக்கால் விதை பிடிக்கும்
என்றுகூட மனசு கணக்குப் போட்டுவிட்டது, வெட்கமில்லாமல்.

மனைப்பட்டா வழக்கில் வக்கீல் எடுத்துத் தந்த
பழைய கிரயச் சீட்டு நகல்
பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கிறது.
நஞ்சை ஒன்றேகால் வேலி,
தென்னை பதினேழு,
கிணறு ஒன்று,
மேற்படி நிலத்து ஆள் குஞ்சான் வகையறா.

தென்னையை எண்ணினார்கள்.
கிணற்றை எண்ணினார்கள்.
குஞ்சானிலிருந்து ஆறாவது தலைமுறை நான்,
அந்த வகையறாவுக்குள்
எத்தனை பேர் நின்றார்கள்
என்று இன்னும் தெரியவில்லை.
ஒரு பெண்ணாவது இருந்திருக்க வேண்டும்,
இல்லாவிட்டால் நான் ஏது.

பொறுமை போய்விட்டது பிள்ளைக்கு.
டிக் பண்ணணும், ஆளா, சொத்தா, ஒண்ணு சொல்லுங்க.

நாலு நிமிடம் தாண்டினால் கேள்வி வேறு ஆளுக்குப் போய்விடும்.
சாசனத்தைத் திறந்து பார்த்தேன்.
அடிமை என்ற சொல்லையே அங்கே காணோம்.
‘மற்ற நபர்கள் அனைவரும்’ என்று
நாசூக்காக எழுதி வைத்திருக்கிறார்கள்.
பிலடெல்பியாவிலும் ஒரு வகையறா.

ஆள் என்பதில் டிக் போடு என்றேன்.
அதோடு விட்டிருக்கலாம்.
எண்ணியவர்களுக்கும் அது தெரிந்திருந்தது,
தெரிந்துகொண்டேதான் கூட்டிக் கழித்தார்கள்,
அந்தக் கட்டத்துக்கு வெளியே ஓரமாக
இதையும் எழுது என்று
ஏழு வரி சேர்த்தேன்.

நொய்டாவிலிருந்து சிவப்பில் ஒரு குறிப்பு:
சொந்தக் கருத்து தவிர்க்கவும்.
பிள்ளையிடமிருந்து ஒரு சிரிப்புப் படம், நன்றி,
மூன்று நட்சத்திரம்.
என் கணக்கில் பன்னிரண்டு ஏறியது.

இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிட்டது.
வெளியே கோரையாற்றுப் பக்கமெல்லாம் தவளை.
ஆறு மணிக்குக் களையெடுக்க வண்டி வரும்,
தூக்கில் சோறு கட்டி
அம்மாவை எழுப்பிவிட வேண்டும்,
மழை விட்டால்.

அடுத்த கேள்வி:
புதிய அதிபர் எந்த மாதம் பதவியேற்பார்?

சம்பா அறுப்பில், என்று
அடித்துவிட்டு
அழித்தேன்.
ஜனவரி.